மின்கட்டணம் ஏறினால் முதலில் கரைவது லாபம்

எரிசக்தித் தணிக்கைக்குப் போகும் ஆலைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "விற்பனையில கரண்ட் செலவு 15 சதவீதம்தான் சார். கட்டணம் 10 சதவீதம் ஏறினாலும் நமக்கு ஒன்றரை சதவீதம்தானே?"

கணக்கு சரிதான். ஆனால் இப்படிச் சொல்பவர் நடத்தும் ஃபவுண்டரியின் (உலோக வார்ப்பாலை) லாபமே விற்பனையில் 5 சதவீதம் என்றால், ஒன்றரை போனபின் மிஞ்சுவது மூன்றரை. லாபத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காலி. விலையை ஏற்றிச் சமாளிக்கலாமே என்றால், கட்டணம் ஏறாத ஊரில் இருக்கும் போட்டியாளர் பழைய விலைக்கே கொடுத்துக்கொண்டிருப்பார்.

எல்லாத் தொழிலுக்கும் அடி ஒரே மாதிரி விழாது. உதிரிபாகங்களைப் பூட்டி விற்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. அலுமினியத்தில் கதையே வேறு. ஒரு டன் உருக்கிப் பிரிக்க 13,000 முதல் 15,000 யூனிட் வரை வேண்டும். பாக்சைட் சுரங்கமே இல்லாத ஐஸ்லாந்தில் அலுமினிய ஆலைகள் நிற்பது மலிவான நீர்மின்சாரத்தையும் புவிவெப்ப மின்சாரத்தையும் நம்பித்தான். 2022-இல் ஐரோப்பாவில் மின்விலை எகிறியபோது அலுமினியம், துத்தநாக ஆலைகள் பல உற்பத்தியைக் குறைத்தன. சில மூடியே விட்டன.

கட்டணம் நம் கையில் இல்லை. ஒரு டன் சரக்குக்கு எத்தனை யூனிட் போகிறது என்பது ஓரளவு நம் கையில் இருக்கிறது. இதைத்தான் பலர் பார்ப்பதில்லை.

காற்றை அழுத்தி எந்திரங்களுக்கு அனுப்பும் கம்ப்ரசரையே எடுத்துக்கொள்வோம். வேலை இல்லாத நாளில் காற்றைப் பயன்படுத்தும் எந்திரங்களை எல்லாம் நிறுத்திவிட்டு, கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்கள். பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் அது லோடில் (காற்றை அழுத்தும் நிலையில்) ஓடினால், அதன் திறனில் 30 சதவீதம் கசிவுக்கே போகிறது என்று பொருள். பராமரிப்பு சரியில்லாத ஆலைகளில் 20 முதல் 30 சதவீதம் சாதாரணம். கப்ளிங், ஹோஸ் முனை, வடிகால் வால்வு, பெரும்பாலும் இந்த மூன்று இடங்கள்தான். பழுதுபார்க்க ஆகும் செலவைச் சொன்னால் உரிமையாளரே சிரித்துவிடுவார்.

அப்புறம் டிமாண்ட் கட்டணம். ஷிஃப்ட் தொடங்கியதும் உலை, கம்ப்ரசர், பம்பு எல்லாவற்றையும் ஒன்றாக ஓட விட்டால், மீட்டர் பதிவு செய்யும் அந்த உச்ச அளவுக்கு மாதம் முழுக்கப் பணம் கட்ட நேரிடும். சற்று இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக ஓட்டினால் போதும்.

தொழிலதிபர் சங்கம் மூலம் கட்டணக் குறைப்பு கேட்க வேண்டியதுதான், விடக்கூடாது. டன்னுக்கு எத்தனை யூனிட் என்ற மாதவாரிக் கணக்கையும் அந்த மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். மனுவை வாங்குகிறவர்கள் தட்டிக்கழிக்க முடியாது.