செனான்: கடைசியில் மிஞ்சிய அந்நியன்

திரவக் காற்றை மெல்லச் சூடேற விட்டால் −196 டிகிரி செல்சியஸில் நைட்ரஜன் முதலில் கிளம்பும். −183இல் ஆக்சிஜனும் −153இல் கிரிப்டானும் போய்விடும். கடைசி வரை தங்குவது செனான் என்ற அரிய வாயு. அதன் கொதிநிலை −108. 1898 ஜூலையில், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வேதியியலாளர்கள் வில்லியம் ராம்சேயும் மாரிஸ் டிராவர்ஸும் கிரிப்டானை ஆவியாக்கிய பின் எஞ்சியதை வெற்றிடக் குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சினார்கள். நீல ஒளி வந்தது. அதன் நிறமாலைக் கோடுகள் தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை.

கிரேக்கத்தில் 'செனோஸ்' என்றால் அந்நியன். அதன் அஃறிணை வடிவம்தான் 'செனான்'. அதே சொல் விருந்தினரையும் குறிக்கும். தமிழிலும் 'விருந்து' முதலில் புதுமையைத்தான் குறித்தது. பிறகே புதிதாய் வந்தவரைக் குறித்தது.

செனான் கடைசி வரை தங்கக் காரணம் அதன் அணுவின் பருமன். அதில் 54 எலக்ட்ரான்கள். வெளிக்கூட்டில் இருப்பவை அணுக்கருவிலிருந்து தள்ளி, பிடி தளர்ந்து கிடக்கின்றன. அந்த எலக்ட்ரான் மேகம் எளிதில் நெளிவதால் பக்கத்து அணுவோடு ஈர்ப்பு கூடுகிறது; கொதிநிலையும் ஏறுகிறது.

ஆலைகளிலும் இந்தக் கொதிநிலை வேறுபாட்டை வைத்தே செனானைப் பிரிக்கிறார்கள். காற்றில் செனான் ஏறத்தாழ 1.15 கோடியில் ஒரு பங்கு. ஒரு லிட்டர் செனான் வாயுவுக்கு, சற்றும் வீணாகாவிட்டாலும், 11,500 கன மீட்டர் காற்று வேண்டும். இதற்கென்று தனியாக யாரும் காற்றைக் குளிரவைப்பதில்லை; ஆக்சிஜன் தயாரிக்கும் பெரிய ஆலையின் துணைவிளைபொருளாகவே செனான் கிடைக்கிறது. காற்றை வடித்துப் பிரிக்கும் கலத்தின் அடியில் சேரும் திரவ ஆக்சிஜனில் கிரிப்டானோடு அது கரைந்திருக்கும். அதைத் தனிக் கலத்துக்கு மாற்றி மேலும் செறிவாக்குவார்கள்.

சிக்கலும் அங்கேதான். காற்றிலிருந்த மீத்தேனும் பிற ஹைட்ரோகார்பன்களும் கூடவே செறிவாகும். திரவ ஆக்சிஜனுக்குள் எரிபொருள் சேர்ந்தால் கலமே வெடிக்கும். எனவே ஓர் அளவைத் தாண்டவிடாமல் திரவத்தை வாயுவாக்கி, சூடான வினையூக்கியின் மேல் செலுத்தி அவற்றை எரித்துவிடுவார்கள். எரிந்து உண்டாகும் நீராவியையும் கார்பன் டை ஆக்சைடையும் மூலக்கூறு சல்லடையில் பிடித்துவிட வேண்டும். விட்டால் அடுத்த குளிர்கட்டத்தில் உறைந்து குழாயை அடைக்கும். அதன்பின் கிரிப்டானையும் செனானையும் வடித்துப் பிரிப்பது எளிது. கொதிநிலைகளுக்கு இடையே 45 டிகிரி இருக்கிறதே.

செனான் ஒரு மந்த வாயு; 'எதனோடும் சேராது' என்று பெயரெடுத்தது. அந்தப் பெயரைக் கெடுத்ததும் அதே தளர்ந்த எலக்ட்ரான்கள்தான். பிளாட்டினம் ஹெக்சாஃபுளோரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறிப்பதை வேதியியலாளர் நீல் பார்ட்லெட் கண்டிருந்தார். அப்படிப் பறிக்கத் தேவையான ஆற்றல், ஆக்சிஜனுக்கு மோலுக்கு 1165 கிலோஜூல், செனானுக்கு 1170. இவ்வளவு நெருக்கம் என்றால் செனானிடமும் பறிக்கலாமே! 1962இல் கனடாவில் செனானையும் பிளாட்டினம் ஹெக்சாஃபுளோரைடு வாயுவையும் கலந்தார். உடனே மஞ்சள் திடப்பொருள் படிந்தது.

அதே ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் செனானையும் ஃபுளோரினையும் 1:5 விகிதத்தில் நிக்கல் கலத்தில் 400 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கி, செனான் டெட்ராஃபுளோரைடு படிகங்களும் எடுத்தார்கள். கலம் எலும்பாய்க் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்டால் செனான் ட்ரையாக்சைடு உண்டாகும். அந்த வெண்படிகம் காய்ந்த நிலையில் லேசாக உரசினாலே வெடிக்கும்.