எண்ணூர் நிலக்கரியும் காணாமல் போன 3 சூரியன்களும்

அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்களின் மொத்தத் திறன் 1,830 மெகாவாட். அது ஓராண்டு முழுக்க ஒரு நொடியும் நிற்காமல் முழுத் திறனில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அந்த மின்சாரம் அத்தனையையும் ஐன்ஸ்டைனின் E = mc² சமன்பாட்டில் போட்டு நிறையாக்கினால், சுமார் 640 கிராம்தான் தேறும். கன்வேயரில் வந்து எரிந்த நிலக்கரியின் நிறை கிட்டத்தட்ட முழுவதும் புகையிலும் சாம்பலிலும் அப்படியே இருக்கிறது.

நிறையை ஆற்றலாக்கும் இந்த வேலையில் சூரியன் எவ்வளவோ மேல். ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது 0.7 சதவீத நிறை ஆற்றலாகிறது. அதையும் தூக்கிச் சாப்பிடுபவை கருந்துளைகள்.

2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பலைகளைக் கண்டறியும் அமெரிக்காவின் இரண்டு லைகோ கருவிகளும் பதிவு செய்த மோதலில் ஒரு கருந்துளை சுமார் 36 சூரிய நிறை, மற்றது 29. இணைந்த பின் இருந்ததோ 62. மீதி 3 சூரியன்களின் நிறை, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஈர்ப்பலைகளாக, அதாவது காலமும் வெளியும் சேர்ந்த காலவெளியில் பரவும் அதிர்வுகளாக, போய்விட்டது.

கருந்துளைக்குள்ளிருந்து எதுவும் தப்ப முடியாது என்கிறோமே, இது எப்படி வெளியே வந்தது? உள்ளே இருந்து வரவே இல்லை. ஒன்றையொன்று சுற்றும்போது அவை சுற்றியுள்ள காலவெளியைக் கலக்குகின்றன. கலக்கக் கலக்க ஆற்றல் போகிறது. ஆற்றல் போகப் போக இரண்டும் நெருங்குகின்றன, நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது, வேகம் கூடினால் கலக்கலும் கூடுகிறது. கடைசியில் ஒளியின் வேகத்தில் பாதியை எட்டி ஒன்றாகின்றன. கோணலாகப் பிறந்த புதிய கருந்துளை சில முறை அதிர்ந்து அடங்குகிறது. இப்படிப் போனதெல்லாம் அந்த ஜோடியின் ஈர்ப்பில் இருந்த ஆற்றல். நிறை குறையலாம், ஆனால் கருந்துளைகளின் எல்லைகளின் மொத்தப் பரப்பு குறையவே கூடாது என்று 1971-இல் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் காட்டினார். எவ்வளவு ஆற்றல் தப்பலாம் என்பதற்கு அதுவே உச்சவரம்பு.

சுமார் 130 கோடி ஒளியாண்டு கடந்து வந்த அந்த அலை, நம் நேரப்படி பிற்பகல் 3.20 மணிக்கு ராயபுரம், காசிமேடு, எண்ணூர் எல்லாவற்றையும் ஊடுருவிப் போனது. உச்சத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் அது கொண்டுவந்த ஆற்றல், பௌர்ணமி நிலவொளியைவிட அதிகம். என்னைத் திகைக்க வைப்பது இதுதான். இவ்வளவு ஆற்றல் கடந்தும் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. காலவெளி அத்தனை விறைப்பானது. லைகோவின் 4 கிலோமீட்டர் நீளக் கை அசைந்தது புரோட்டானின் விட்டத்தில் நூறில் ஒரு பங்கைவிடவும் குறைவு.