உதைக்கிற காலை எது தடுக்கிறது?

கராத்தே கற்கச் சேர்ந்தபோது எனக்கு 38 வயது. மூன்றாவது வாரத்தில், இரண்டு பாதங்களையும் ஒட்டவைத்து உட்காரச் சொல்லிவிட்டு, ஒருவர் பின்னாலிருந்து என் முழங்கால்களைத் தரையை நோக்கி அழுத்தினார். உள்தொடை இழுத்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் வலப்பக்கம், தொடை வயிற்றோடு சேரும் மடிப்புக்குள் ஆழத்தில், கதவிடுக்கில் விரல் மாட்டியதுபோல் சுருக்கென்று ஏதோ நசுங்கியது. "எல்லாம் இறுக்கம்தான், நீட்ட நீட்டச் சரியாகிவிடும்" என்றார் அழுத்தியவர். நானும் நம்பி எட்டு மாதம் நீட்டினேன். உள்தொடை இளகியது. மடிப்புக்குள் இருந்த வலியோ மாடிப்படி ஏறும்போதும் கூடவே வரத் தொடங்கியது.

காலைத் தடுப்பது தசையாகவும் இருக்கலாம், எலும்பாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் 'கால் போகவில்லை' என்றுதான் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்கள் இடுப்பைக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான்.

இடுப்பு ஒரு பந்துக்கிண்ண மூட்டு. தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பின் குழிக்குள் பொருந்தி உருள்கிறது. தோளும் இதே வகைதான். ஆனால் தோளின் குழி சாசர் போல ஆழமற்றது. அதனால் கை எப்படியும் சுழலும், எளிதில் கழன்றும் கொள்ளும். இடுப்பு உடலைச் சுமக்க வேண்டும் என்பதால் அங்கே குழி ஆழம். ஒற்றைக் காலில் நிற்கும்போது அந்த மூட்டின்மீது விழும் விசை உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. உடல் மறுபக்கம் சாய்ந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கும் பக்கவாட்டுத் தசைகளின் இழுவையும் அதே பந்தின்மேல்தான் இறங்குகிறது. குழியின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற நார்க்குருத்தெலும்பு வளையம் ஒன்று உண்டு. பிரஷர் குக்கர் மூடியின் ரப்பர் வளையத்தைப்போல, மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்தை வெளியேறாமல் அடைத்து வைக்கிறது. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. கிழிந்தால் தானாக ஆறுவது அரிது.

ஆழமான குழி என்றால் விளிம்பும் உயரம். பந்துக்குக் கீழே தொடை எலும்புக்கு ஒரு கழுத்து இருக்கிறது. அது தண்டோடு சேரும் இடத்தில், வெளிப்பக்கமாக ஒரு பெரிய முண்டு. ஒருக்களித்துப் படுத்தால் தரையில் அழுந்துவது அதுதான். எதையாவது பிடித்துக்கொண்டு நின்று, கால்விரல்கள் முன்னோக்கியிருக்க ஒரு காலை நேர் பக்கவாட்டில் தூக்கிப் பாருங்கள். உடம்பைச் சாய்க்கக் கூடாது. 45 டிகிரி வாக்கில் நின்றுவிடும். இப்போது தொடையை வெளிப்புறமாகச் சுழற்றி, முழங்காலும் விரல்களும் மேல்நோக்கும்படி திருப்புங்கள். கால் இன்னும் ஏறும். அந்த ஒரு நொடியில் தசையின் நீளம் கூடிவிடவில்லை. விளிம்பை முட்டவிருந்த முண்டு பின்பக்கம் விலகி வழிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த எலும்பு அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும். தொடை எலும்பின் கழுத்து சற்று முன்னோக்கித் திருகியிருக்கும். பிறக்கும்போது ஏறக்குறைய 40 டிகிரியாக இருக்கும் அந்தத் திருக்கம், வளர்ந்தபின் சராசரியாக 15 டிகிரிக்குக் குறைகிறது. சராசரியைவிட அதிகம் திருகியிருப்பவர்களுக்குப் பாதம் உட்புறமாக எளிதில் திரும்பும்; குறைவாக உள்ளவர்களுக்கு வெளிப்புறமாக. கராத்தேயில் கிபா தாச்சி என்ற நிலையில் பாதங்கள் இணையாக முன்னோக்க வேண்டும். ஷிகோ தாச்சியில் வெளிப்புறம் திரும்பியிருக்கும். இரண்டில் ஒன்று உங்களுக்கு இயல்பாக வந்து, மற்றது முழங்காலைத் திருகினால், அதற்குச் சோம்பல் காரணமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

சிலருக்குக் கழுத்தில் கூடுதலாக எலும்பு புடைத்திருக்கும். சிலருக்குக் குழியின் விளிம்பே அதிகம் நீண்டிருக்கும். முழங்கால் நெஞ்சை நோக்கி ஏறித் தொடை உட்புறம் திரும்பும்போது இரண்டும் முட்டி, நடுவில் லேப்ரம் நசுங்குகிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அறுவை மருத்துவர் ரைன்ஹோல்ட் கான்ஸும் அவருடைய குழுவினரும் 2003-இல் இதை விரிவாக விளக்கி, பின்னாளில் மூட்டுத் தேய்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எழுதினார்கள். இப்படிப்பட்ட எலும்பு இருந்தும் வலியே இல்லாதவர்கள் ஏராளம். எனவே எக்ஸ்ரேயில் புடைப்பு தெரிந்தது என்பதற்காக மட்டும் யாரும் கலங்க வேண்டாம். வலி, மருத்துவரின் பரிசோதனை, படம் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் அது நோய்.

தசையின் கதை வேறு. உள்தொடைத் தசைகள் இடுப்பெலும்பின் முன்பகுதியில், மிகச் சிறிய இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காலை வீசி உதைக்கும்போது அதைப் பிரேக் போட்டு நிறுத்துவது இவைதான்; அதாவது நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். தசை கிழிவது பெரும்பாலும் இத்தகைய தருணத்தில்தான். தசை சில வாரங்களில் பலம் பெற்றுவிடும். அதை எலும்போடு பிணைக்கும் நாண் பழகுவதற்கு மாதங்கள் பிடிக்கும். இரண்டாம் மாதத்தில் உற்சாகமாக உயர உதைக்கிறவருக்கு வலி அந்த இடைவெளியில்தான் வந்து சேர்கிறது. நீட்டுவதால் முதல் சில வாரங்களில் கூடும் தூரம்கூட, பெரும்பாலும் இழுப்புணர்வுக்கு நரம்புகள் பழகிப்போவதால் கிடைப்பது.

எது எது என்று ஓரளவு வீட்டிலேயே பிரித்தறியலாம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, நடுவில் உங்கள் கை முஷ்டியை வைத்து இறுக்குங்கள். உள்தொடை எலும்போடு சேரும் இடத்தில் வலித்தால் பெரும்பாலும் தசை. இறுக்கும்போது ஒன்றுமில்லாமல், முழங்காலை எதிர்த்தோளை நோக்கிக் கொண்டுபோகும்போது மடிப்புக்குள் நசுங்கினால் மூட்டைச் சந்தேகிக்க வேண்டும். மூட்டு வலிக்காரரிடம் இடத்தைக் காட்டச் சொன்னால், கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்து இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விப் பிடித்துக் காட்டுவார். நானும் அப்படித்தான் காட்டினேன்.

தசை வலிக்குக்கூட நீட்டுவது பெரிய மருந்தாக இல்லை. 1999-இல் டென்மார்க் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட உள்தொடை வலி கொண்ட விளையாட்டு வீரர்கள் 68 பேர் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு மசாஜ், மின்தூண்டல், நீட்டல். மற்றதற்கு முழங்கால்களுக்கு நடுவே பந்தை வைத்து இறுக்குவது போன்ற வலுவூட்டும் பயிற்சிகள், 8 முதல் 12 வாரம். பயிற்சிப் பிரிவில் 23 பேர் வலியின்றி விளையாட்டுக்குத் திரும்பினார்கள். மற்றதில் 4 பேர்.

மூட்டு நசுங்குகிறவர்கள் கோணத்தை மாற்ற வேண்டும். சுற்றி உதைக்கும்போது ஊன்றிய பாதத்தின் குதிகாலைச் சுழற்றாமல் விட்டால், இடுப்பெலும்பு அந்தத் தொடையின்மேல் திரும்பி மூட்டு உட்புறமாகத் திருகுகிறது, முழங்காலும் அகப்பட்டுக்கொள்ளும். குதிகால் இலக்கை நோக்கித் திரும்பிவிட்டால் மூட்டுக்கு இடம் கிடைக்கும். இரவில் தூங்கவிடாத வலி, காலை ஊன்றவே முடியாமை, தொடை இடுக்கில் புடைப்பு, வளரும் பிள்ளைகள் முழங்கால் வலி என்று சொல்லி நொண்டுவது ஆகியவை மருத்துவரிடம் போக வேண்டியவை. இடுப்பில் உள்ள கோளாறு முழங்காலில் வலிப்பதுண்டு.

நீட்டுவதை நிறுத்தி, பந்தை இறுக்கத் தொடங்கி, குதிகாலைச் சுழற்றப் பழகிய நான்காவது மாதம் மாடிப்படி வலி போனது. கிபா தாச்சியில் மட்டும் என் பாதங்கள் இன்னும் இணையாக நிற்பதில்லை. போன தேர்வில் அதற்கு மதிப்பெண் குறைத்தார்கள்.