ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்: வீரத்தன்மையா, ஆட்டப்பண்பா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பள்ளி விளையாட்டு விழாக்களில் மைக் பிடிப்பவர்கள் விடாமல் சொல்லும் ஒரு வாக்கியம்: ‘தோல்வியை விளையாட்டுத்தனமாக எடுத்துக்கொள்ளுங்கள்.’ விளையாட்டுத்தனம் என்றால் பொறுப்பில்லாமை. ‘கல்யாண வயசாச்சு, இன்னும் விளையாட்டுப்பிள்ளையாவே இருக்கான்’ என்று ஆச்சி பேரனைக் கடிவது இதைத்தான். சொன்னது புரியாமல் போனால்கூடப் பரவாயில்லை. இது தப்பாகவே புரியும். ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் என்பதற்குத் தமிழில் சரியான சொல் இல்லாமல் தவிப்பதால் வரும் கோளாறு இது.

ஸ்போர்ட் என்பது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. பொழுதுபோக்கு என்று பொருள். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஸ்போர்ட்ஸ்மேன் என்றால் பெரும்பாலும் வேட்டைக்குப் போகிறவர். ‘ஷிப்’ என்ற ஒட்டு திறமையையும் குறிக்கும், நிலையையும் குறிக்கும். தோற்றாலும் வென்றாலும் முறையாக நடந்துகொள்வது என்ற பொருள் பிறகு ஏறியது. ஆகவே சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து மொழிபெயர்த்தால் பொருள் கையில் கிடைக்காது.

பிரித்துத்தான் செய்தார்கள்: ‘விளையாட்டு வீரத்தன்மை’. சான்றிதழில் அச்சாகிறது, விருதாகவும் தருகிறார்கள். இதில் வீரம் எங்கிருந்து வந்தது? தை மூன்றாம் நாள் காரைக்குடிப் பக்கம் சிராவயலில் காளைகளைத் திறந்தவெளியில் விட்டுப் பிடிக்கும் மஞ்சுவிரட்டைப் பாருங்கள். பொட்டலில் அவிழ்த்துவிட்ட கட்டுமாட்டின் முன்னால் நிற்கிற எல்லோருக்கும் வீரம் உண்டு. வாலைப் பிடித்து இழுப்பவனுக்கும் உண்டு. அவனிடம் இல்லாதது வேறொன்று. திமிலைத் தழுவி 15 மீட்டர் தூரமோ, 30 விநாடியோ, மூன்று துள்ளலோ தாக்குப்பிடிக்க வேண்டும். வால், கொம்பு, கால் பிடிக்கக் கூடாது என்பது ஜல்லிக்கட்டு விதி. வாடிவாசலில் அதைப் பார்க்க ஆள் இருக்கும். திறந்த பொட்டலில் நாலாபக்கமும் மாடு ஓடும்போது யார் பார்ப்பது? அங்கே விதியைக் காப்பாற்றுவது பிடிப்பவனின் பண்புதான். வீரத்தையும் இதையும் ஒரே சொல்லில் கட்டினால் வாலைப் பிடித்தவனுக்கும் விருது தரவேண்டி வரும்.

இன்னொரு குறை: வீரத்தன்மை என்றால் ஆடுகிறவர்களோடு நின்றுவிடும். கபடிக் களத்துக்கு வெளியே உட்கார்ந்து நடுவரைத் திட்டும் தகப்பனாருக்கும் இது வேண்டுமே! ‘விளையாட்டு வீரர் மனப்பான்மை’ என்று நீட்டுகிறவர்களும் உண்டு. மனத்துக்குள் எரிந்தாலும் எதிரணியிடம் போய்க் கைகொடுப்பவனை என்ன சொல்வது? பார்க்க வேண்டியது நடத்தையை. ‘பெருந்தன்மை’ பரவாயில்லை, ஆனால் அது மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் காட்டுவது. வென்றவருக்குப் பொருந்தும், தோற்றவர் எதைப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பார்?

என் கட்சி ‘ஆட்டப்பண்பு’. ‘பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்’ என்கிறது கலித்தொகை. அடுத்தவர் இயல்பை அறிந்து நடத்தல். ஏறுதழுவலை விரிவாகப் பாடிய தொகையும் அதுவே. ‘ஆட்டம் போடுகிறான் என்றால் திமிர் ஆயிற்றே’ என்று மறுப்பவர்கள் உண்டு. ஆட்டக்காரர், ஆட்ட நாயகன் என்று எழுதும்போது யாருக்கும் திமிர் நினைவுக்கு வருவதில்லை; இதிலும் வராது.

இதன் எதிர்ச்சொல்லைப் பார்த்தால் பொருள் இன்னும் துலங்கும். அதை நம் சனங்கள் எப்போதோ செய்துவைத்துவிட்டார்கள்: அழுகுணி ஆட்டம். வீட்டு வளவில் தாயம் ஆடும்போது காய் வெட்டுப்பட்டதும் ‘கட்டை உருண்டது செல்லாது’ என்பது, பல்லாங்குழியில் ஒரு சோழியை விரலிடுக்கில் ஒதுக்குவது, கபடியில் பாடி வந்தவர் தொட்டது தெரிந்தும் நடுவர் பார்க்கவில்லை என்று களத்திலேயே நிற்பது, எல்லாம் அதில் அடங்கும். தானாகவே கையைத் தூக்கிவிட்டு வெளியே போகிறாரே, அவரிடம் இருப்பது ஆட்டப்பண்பு.

பெயர்ச்சொல்லே எல்லா இடத்துக்கும் வேண்டும் என்பதில்லை. ‘ஸ்போர்ட்டிவா எடுத்துக்கோ’ என்பதற்கு ‘மனசுல வச்சுக்காதே’ போதும். மைக்கில் ‘தோற்றாலும் கைகொடுத்துவிட்டு வாருங்கள்’ என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் செய்ய வேண்டியது தெரியும்.

கூடவே வரும் ‘நேர்மறை மனப்பான்மையுடன் செயல்பாட்டில் இருங்கள்’ என்பதையும் விட்டுவிடலாம். இலக்கணத்தில் மறை என்றாலே மறுப்பு. எதிர்மறைக்கு இலக்கணம் வைத்த எதிர்ச்சொல் உடன்பாடு. ‘எதிர்’ போய் ‘நேர்’ வந்தால் மறுப்பு எப்படிச் சம்மதமாகும்? வழக்கில் ஊன்றிவிட்டது, பிடுங்க முடியாது என்பார்கள். சரி, கட்டுரையில் இருந்துவிட்டுப் போகட்டும். களத்தில் நிற்கும் பிள்ளையிடம் ‘சோர்ந்து உட்காராதே, ஓடிக்கிட்டே இரு’ என்று சொல்லுங்கள்.