சுகாதார ஆய்வாளர் எதைப் பார்க்கிறார், நீங்கள் எப்படிப் புகார் செய்யலாம்?

வெளியே சாப்பிட்டுவிட்டு வந்த இரவே வாந்தி, வயிற்றுப்போக்கு. மருத்துவரிடம் போகிறோம், மருந்து வாங்குகிறோம், இரண்டு நாளில் மறந்தும் விடுகிறோம். அந்தச் சமையலறையிலோ மறுநாளும் அடுப்பு எரியும், ஆட்கள் சாப்பிடுவார்கள். உள்ளே போய்ப் பார்த்து அதைத் தடுக்கும் அதிகாரம் உள்ளாட்சியின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு இருக்கிறது. உணவு, குடிநீர், கழிவுநீர், குப்பை, கொசு, எலி, புகை, இரைச்சல் எல்லாம் பெரும்பாலும் இதன் கீழ்தான் வரும். சில நாடுகளில் இவற்றை இரண்டு மூன்று துறைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். களத்துக்கு வருபவரின் பதவிப் பெயரும் மாறும்; இங்கே சுகாதார ஆய்வாளர் என்றே வைத்துக்கொள்வோம்.

சமையலறைக்குள்

பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல்தான் வருவார். தரை பளபளவென்று இருப்பதில் அவருக்குப் பெரிய அக்கறை கிடையாது. ஊசிமுனை கொண்ட வெப்பமானியை எடுத்து, சமைத்து வைத்த உணவின் நடுவில் செருகிப் பார்ப்பார். சூடாக வைக்க வேண்டிய உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும், குளிராக வைக்க வேண்டியது 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாட்டுச் சட்டங்களில் சில டிகிரி முன்பின் இருக்கும். இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் மளமளவென்று பெருகும். திரும்பச் சூடுபண்ணினால் சரியாகிவிடாதா? எல்லா நேரமும் ஆகாது. ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா உணவில் கலக்கும் நச்சு, கொதிக்க வைத்தாலும் போகாது.

அப்புறம் கை கழுவும் இடம். குழாய் இருந்தால் மட்டும் போதாது. தொட்டிக்குள் அழுக்குப் பாத்திரம் குவிந்து, சோப்பு காய்ந்து வெடித்துக் கிடந்தால், அங்கே யாரும் கை கழுவவில்லை என்பது ஒரு வார்த்தை கேட்காமலே தெரிந்துவிடும். பச்சை இறைச்சிக்கும் சமைத்ததற்கும் ஒரே வெட்டுப்பலகையா, அலமாரிக்குப் பின்னால் எலிப் புழுக்கை இருக்கிறதா என்றும் பார்ப்பார்.

சிறு குறை என்றால் வாய்மொழியாக அறிவுரை. திருந்தவில்லை என்றால் கெடு வைத்து எழுத்தில் நோட்டீஸ், பிறகு மறு சோதனை, அதற்கும் மசியவில்லை என்றால் வழக்கு. சாக்கடை நீர் உள்ளே புகுந்திருப்பதுபோல உடனடி ஆபத்து இருந்தால் இந்தப் படிகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றே மூடச் சொல்லும் அதிகாரம் பல நாட்டுச் சட்டங்களில் உண்டு. கடைக்காரர் பக்கமும் உரிமை இருக்கிறது. வந்தவரின் அடையாள அட்டையைக் கேட்கலாம், உத்தரவை எழுத்தில் கேட்கலாம், மேல்முறையீடும் செய்யலாம்.

குழாய்த் தண்ணீர்

தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தாலும் நோய்க்கிருமி இருக்கலாம். அதனால் இரண்டு சோதனைகள். ஒன்று, குழாயடியிலேயே குளோரின் அளவைப் பார்ப்பது. சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து மாத்திரை போட்டால் குளோரினுக்கு ஏற்ப இளஞ்சிவப்பாக மாறும். வீட்டுக்கு வந்து சேரும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். நிறமே வராவிட்டால், வழியில் குழாய்க்குள் கிருமி புகுந்தாலும் அதைக் கொல்ல நீரில் எதுவும் இல்லை என்று பொருள்.

இன்னொன்று ஆய்வகச் சோதனை. மலம் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை பாக்டீரியா 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மாதிரி எடுக்கும் புட்டிக்குள் முன்கூட்டியே சோடியம் தயோசல்பேட் போட்டிருப்பார்கள். அது நீரிலுள்ள குளோரினை அங்கேயே செயலிழக்கச் செய்துவிடும். இல்லாவிட்டால் ஆய்வகம் போய்ச் சேரும்வரை குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டே இருக்கும். கெட்ட தண்ணீருக்கு நல்ல சான்றிதழ் கிடைக்கும்.

சோதிப்பவர் ஒழுங்காகச் சோதிக்காவிட்டால் இதெல்லாம் வீண். 2000ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில், பெருமழையில் மாட்டுச் சாணம் அடித்துவரப்பட்டு ஊருக்குத் தண்ணீர் தரும் கிணறு ஒன்றில் கலந்தது. 7 பேர் இறந்தார்கள்; சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். குளோரினை முறையாக அளக்காமலே பதிவேட்டில் எண்களை எழுதி வந்தது விசாரணையில் தெரிந்தது.

கொசு ஒழிப்பு ஆட்கள் ஏன் வாரம் தவறாமல் வருகிறார்கள் என்று எரிச்சல்படுபவர்கள் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வெப்பமான சூழலில் முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டியில் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டி உட்புறத்தைத் தேய்த்துவிட்டால் அந்தச் சுற்று அறுந்துவிடும். தேய்ப்பது முக்கியம், ஏனென்றால் உட்சுவரில் ஒட்டிய முட்டை தண்ணீரே இல்லாமல் பல மாதம் தாங்கும்.

புகார் செய்யும்போது

சாப்பாட்டால் நோய் வந்ததாகச் சந்தேகப்பட்டால், பெரும்பாலும் கடைசியாகச் சாப்பிட்ட இடத்தையே திட்டுவோம். அது தவறாக இருக்கவும் வாய்ப்புண்டு. ஸ்டெஃபைலோகாக்கஸ் நச்சு சில மணி நேரத்தில் வேலையைக் காட்டும். சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவால் வரும் நோய் 6 மணி நேரத்திலும் வரலாம், 6 நாள் கழித்தும் வரலாம். ஹெபடைடிஸ் ஏ வகை மஞ்சள் காமாலைக்கு 15 முதல் 50 நாள் வரை ஆகும். ஆகவே கடந்த சில நாட்களில் எங்கே, என்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று ஞாபகம் இருக்கும்போதே எழுதி வையுங்கள். கூடச் சாப்பிட்டவர்களில் யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்; நோய் வராதவர் எதைச் சாப்பிடவில்லை என்பதிலிருந்துதான் பல சமயம் துப்பு கிடைக்கிறது. மீதி உணவைக் குப்பையில் போடாமல் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். மலப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இரைச்சல், புகை, துர்நாற்றம் என்றால் "எப்பவும் தொல்லை" என்று எழுதிப் பயனில்லை. தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் போட்டு ஒரு வாரக் குறிப்பு கொடுத்தால், அலுவலருக்கு எந்த நேரத்தில் வந்து பார்ப்பது என்று தெரியும். உங்கள் பெயரை எதிர்த்தரப்புக்குச் சொல்வார்களா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக் காசைத் திருப்பி வாங்கித் தருவதும் நஷ்ட ஈடு பெற்றுத் தருவதும் இந்தப் பிரிவின் வேலை அல்ல. அதற்கு நுகர்வோர் அமைப்புகள் அல்லது நீதிமன்றம்தான். புகார் கொடுத்ததும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நோட்டீஸ் கொடுத்தாயிற்று என்று பதில் வந்தால், மறு சோதனை எந்தத் தேதியில் என்று கேளுங்கள். அந்தத் தேதி தாண்டியும் அதே நிலைமை என்றால், பழைய எண்ணைக் குறிப்பிட்டு ஆய்வாளருக்கு மேலுள்ள அதிகாரிக்கு எழுதலாம்.