தரை துடைக்க எத்தனை வாளி?

அரசு மருத்துவமனை வார்டு. தூய்மைப் பணியாளரிடம் மதிப்பீட்டாளர் கேட்கிறார்: “தரை துடைக்க எத்தனை வாளி வச்சிருக்கீங்கக்கா?” மூன்று என்பதே சரியான பதில். ஒன்றில் சுத்தம் செய்யும் கரைசல், இன்னொன்றில் வெறும் தண்ணீர், மூன்றாவது மாப்பைப் பிழிய. ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைத்தால், ஒரு கட்டிலடியில் இருந்த கிருமி அடுத்த கட்டிலுக்குப் போகும், அவ்வளவுதான். மூன்றும் இருந்து, முறையும் தெரிந்திருந்தால் 2 மதிப்பெண். அரைகுறை என்றால் 1. இல்லையென்றால் சுழி.

அரசு மருத்துவமனைகளின் தூய்மைக்காக மத்திய சுகாதார அமைச்சகம் 2015-இல் தொடங்கிய ‘காயகல்ப்’ விருது இப்படித்தான் ஓடுகிறது. (சித்த மருத்துவத்தின் காயகல்பம்தான், நமக்குப் பழகிய பெயர்.) கழிவறை, குப்பைத் தொட்டியின் நிறம், நர்ஸ் கை கழுவும் முறை என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. முதலில் மருத்துவமனை தனக்குத் தானே போட்டுக்கொள்ளும். பிறகு வேறொரு மருத்துவமனைக்காரர்கள் வந்து போடுவார்கள்; இதுதான் சக மதிப்பீடு. அதில் 70 சதவீதம் தாண்டினால் வெளிக்குழு வரும்.

இதில் எனக்குப் பிடித்தது பரிசுக் கணக்கு. மாவட்ட மருத்துவமனைக்கு முதல் பரிசு 50 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். அது மட்டும் இருந்திருந்தால், ஓட்டை உடைசலோடு கடைசியில் கிடக்கும் மருத்துவமனை, ‘நமக்கெங்கே கிடைக்கப்போகிறது’ என்று போட்டிக்கே வராது. அதனால் வெளிக்குழுவிடமும் 70 சதவீதம் வாங்கிவிட்டால், முதலிடம் இல்லாவிட்டாலும் பாராட்டுச் சான்றும் 3 லட்சமும் உண்டு. பக்கத்து ஊரை முந்த வேண்டாம், 70 சதவீதக் கோட்டைத் தாண்டினால் போதும். பரிசுப் பணத்தில் முக்கால் பங்கு மருத்துவமனைக்கு, கால் பங்கு ஊழியர்களுக்கு.

சக மதிப்பீட்டில் இன்னொரு லாபம்: அடுத்தவர் வார்டில் ஒட்டடை தேடிவிட்டுத் திரும்புகிறவர், தன் வார்டில் தலையைத் தூக்கிப் பார்க்காமல் இருக்க மாட்டார்.

ஏமாற்ற முடியாதா? முடியும். ஆய்வு நாளுக்கு முன்னால் வெள்ளையடிப்பது நம் ஊருக்குப் புதிதா என்ன? பதிவேட்டை ஒரே ராத்திரியில் ஒரே பேனாவால் நிரப்பிவிடலாம். அதனால்தான் நேரில் பார்ப்பது, ஊழியரைக் கேட்பது, பதிவேட்டைப் புரட்டுவது ஆகிய மூன்றோடு நான்காவதாக ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். மதிப்பீட்டாளர் கட்டிலருகே போய்க் கேட்பார்: “பெட்ஷீட் கடைசியா என்னைக்கும்மா மாத்தினாங்க?”