எம்-1 அரியரின் வேர் எட்டாம் வகுப்பில்

பேப்பர் திருத்தும்போது நான் கடைசி விடையை முதலில் பார்ப்பதில்லை. எந்த வரியில் கால் தடுக்கியிருக்கிறது என்றுதான் தேடுவேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் 17 வருஷமாக முதலாமாண்டுக்குக் கணக்கு எடுக்கிறேன். முதல் செமஸ்டர் கணக்குத் தாளைத்தான் எம்-1 என்பார்கள்; அதில் தேறாமல் நிலுவையில் நிற்பதுதான் அரியர். மேட்ரிக்ஸ் எனப்படும் அணி ஒன்றின் ஐகன் மதிப்பை, அதாவது அதற்கே உரிய சிறப்பு எண்களைக் காணச் சொன்ன 16 மார்க் கேள்வி. பையன் முறையைச் சரியாக எழுதியிருப்பான், அணியையும் சரியாக எடுத்து வைத்திருப்பான். நடுவில் ஓர் இடத்தில் 6 − (4 × −1) என்று வரும். அதற்கு 2 என்று போட்டிருப்பான். 10 வர வேண்டும். அந்த ஒரு மைனஸில் முப்படிச் சமன்பாடு மாறிப்போகும், மாறிய சமன்பாடு காரணிப்படாது. அரைப் பக்கம் அடித்து அடித்து எழுதிவிட்டு, அப்படியே விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பான்.

அவன் வீட்டில் என்ன சொல்வான்? "மேட்ரிக்ஸ் புரியல." உண்மையில் மேட்ரிக்ஸ் அவனுக்குப் புரிந்துதான் இருக்கிறது.

பிளஸ் டூவில் கணக்கில் குறைவாக எடுத்துவிட்டு இன்ஜினியரிங் சேரும் பிள்ளைகளுக்கும், அவர்களைச் சேர்த்துவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் இதைத்தான் சொல்ல வருகிறேன். ஓட்டை பெரும்பாலும் பிளஸ் டூ பாடத்தில் இல்லை. அது எட்டிலிருந்து பத்து வரை எங்கோ இருக்கிறது. மைனஸ் குறி, அடைப்புக்குறி, பின்னம், அடுக்கு இவைதான். இடம் தெரிந்துவிட்டால் ஒரு செமஸ்டருக்குள் அடைத்துவிடலாம். தெரியாமல் போனால் நாலு வருஷமும் ஒழுகும்.

இந்த ஓட்டையோடு எப்படித் தேறி வருகிறார்கள் என்று ஆச்சரியப்பட வேண்டாம். மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணக்குத் தேர்வு 90 மார்க், பள்ளியே போடும் இன்டர்னல் 10. ஒன் வேர்டு மட்டும் 20. அதை மனப்பாடம் செய்துவிட்டு, இன்டர்னலை வாங்கிக்கொண்டு, இரண்டு மார்க் கேள்வியில் மூன்றைப் போட்டால் 36 வந்துவிடும், பாஸ். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், பாஸ் பண்ண வைத்த ஆசிரியர்களையும் சொல்ல மாட்டேன். ஆனால் தொகையிடலின் (இன்டகிரேஷன்) அடிப்படை முழுக்க பதினோராம் வகுப்புப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில், கடைசிக்குச் சற்று முன்னால் இருக்கிறது. வருஷக் கடைசியில் அவசர அவசரமாக ஓடும் பாடம் அதுதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது அந்த ஆண்டுப் பாடத்திட்டத்தில், முதல் செமஸ்டர் தாளாக இருந்த 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' அந்தப் பாடம் தெரியும் என்று நம்பித்தான் தொடங்கியது.

என் வகுப்பில் முதல் வாரம் 20 கேள்வி கொடுப்பேன். எல்லாம் பத்தாம் வகுப்புக்குள். மார்க் கிடையாது, பெயர்கூட எழுத வேண்டாம் என்பேன். அப்படி ஒரு வருஷம், ஒரு தாளில் 1/10 + 1/15 என்பதற்கு 2/25 என்று இருந்தது. மேலே மேலே கூட்டி, கீழே கீழே கூட்டியிருக்கிறாள். பீடி சுற்றும் தொழில் நடக்கும் முக்கூடல் பக்கத்துப் பெண், அரசுப் பள்ளி, தமிழ் வழி, 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் வந்தவள். வகுப்பு முடிந்ததும் அவளாகவே வந்து, "அந்தத் தாள் என்னுது சார்" என்றாள். அந்தத் துணிச்சலிலேயே பாதிக் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"வீட்டுல யாரும்மா பீடி சுத்துறது?"

"அம்மாவும் சித்தியும் சார்."

"ஆயிரம் பீடி சுத்த அம்மாவுக்கு 10 மணி நேரம், சித்திக்கு 15 மணி நேரம்னு வச்சுக்கோ. அப்ப ஒரு மணி நேரத்துல அம்மா 1/10 பங்கு, சித்தி 1/15 பங்கு. ஒரே ஆயிரத்த ரெண்டு பேரும் சேந்து சுத்துனா எவ்வளவு நேரம் ஆகும்? உன் 2/25 படி பன்னிரண்டரை மணி நேரம் வருது."

"அதெப்படி சார்? அம்மா ஒத்தையில சுத்துனாலே பத்து மணி நேரந்தான!"

கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அவளே சொன்னாள்: "30 மணி நேரம்னு எடுத்தா அம்மா மூவாயிரம், சித்தி ரெண்டாயிரம். மொத்தம் அஞ்சாயிரம். அப்ப ஆயிரத்துக்கு 6 மணி நேரம்." அந்த 30தான் மீச்சிறு பொது மடங்கு. ஆறாம் வகுப்பிலிருந்து எத்தனை முறை எழுதியிருப்பாள்! அது எதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 10 ஓம், 15 ஓம் மின்தடை இரண்டைப் பக்க இணைப்பில் போட்டால் மொத்தத் தடை 6 ஓம். இதே கணக்குத்தான். சர்க்யூட் தாளில் அது வந்த அன்று ஓடிவந்து, "சார், பீடிக் கணக்கு வந்திருக்கு" என்றாள்.

தமிழ் வழிப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பல பேருக்குப் பாடம் தெரியும், பெயர் தெரியாது. 'டிடர்மினன்ட்' என்றதும் தலை குனிந்த ஒரு பையனிடம் 'அணிக்கோவை' என்றேன். போர்டுக்கு வந்து மளமளவென்று போட்டான். டிஃபரன்ஷியேஷன் என்றால் வகையிடல், இன்டகிரேஷன் என்றால் தொகையிடல், செயின் ரூல் என்றால் சங்கிலி விதி. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரு மாதத்தில் அந்தப் பக்கம் தேவைப்படாது.

"கணக்கு வராதுன்னா கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துக்கோ, அதுல கணக்கு கிடையாது" என்று சொந்தக்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். அங்கேயும் முதலாமாண்டுக் கணக்கு உண்டு, அதற்குப் பிறகு டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ் என்ற இன்னொரு கணக்குத் தாள் காத்திருக்கிறது. டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு வருபவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை. ஒர்க்‌ஷாப்பில் கெட்டிக்காரர்கள். ஆனால் முதலாமாண்டுக் கணக்கை எழுதாமலே மூன்றாம் செமஸ்டரில் ஃபூரியர் தொடருக்குள் (ஒரு சார்பை சைன், கொசைன்களின் கூட்டலாக எழுதும் பாடம்) விழுகிறார்கள். அதில் பக்கத்துக்குப் பக்கம் தொகையிடலுக்கான பெர்னோலி சூத்திரம் வரும். அதுவும் பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் இருப்பதுதான். சேர்வதற்கு முந்தைய கோடை விடுமுறையில் அந்தத் தொகையிடல் பாடத்தையாவது போட்டுவிட்டு வாருங்கள்.

எப்படிப் போடுவது? வீடியோ பாருங்கள், தப்பில்லை. ஆனால் பார்க்கும்போது எல்லாம் புரியும், பேனாவை எடுத்தால் கை நிற்கும். கணக்கு கைப் பழக்கம். தினமும் 45 நிமிஷம், மொபைல் வேறு அறையில், பழைய பள்ளிப் புத்தகம், ரஃப் நோட்டு. எட்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்கக் கூச்சப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஹாஸ்டலில் யாராவது பார்த்துவிடுவார்களாம். களக்காட்டுப் பையன் ஒருவன் அப்படிக் கூச்சப்பட்டே எம்-1 அரியரை ஏழாவது செமஸ்டர் வரை இழுத்தான். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த கம்பெனி, நிலுவையில் அரியர் இருப்பவர்கள் வர வேண்டாம் என்றது. மற்றவர்கள் ஹாலுக்குள் போக, அவன் வாசலில் பையோடு நின்றான். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. எனக்கு முன்னமே தெரிந்திருந்தால் மூன்று மாதத்தில் சரிசெய்திருப்போம்.

அதனால் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். கல்லூரியின் முதல் இன்டர்னல் தேர்வில் மார்க் குறைந்தால் திட்டுவதற்கு முன் அந்த விடைத்தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் படிக்காதவர்களாக இருந்தாலும் பரவாயில்லை. "எந்த வரியில தப்பு வந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். விரல் வைத்துக் காட்டத் தெரிந்த பிள்ளை எழுந்துவிடும். காட்டத் தெரியவில்லை என்றால் அந்த வாரமே கணக்கு சாரையோ மேடத்தையோ பார்க்கச் சொல்லுங்கள். முதல் செமஸ்டரில் தேடி வரும் மாணவரை எந்த ஆசிரியரும் திருப்பி அனுப்ப மாட்டார்.

இதைப் படிக்கும் முதலாமாண்டுத் தம்பி, தங்கைகள் ஒரு தாளை எடுத்து இந்த மூன்றையும் இப்போதே போட்டுப் பாருங்கள், கால்குலேட்டர் வேண்டாம். ஒன்று: 7 − 2(3 − 5). இரண்டு: 3/4 − (1/6 − 1/3). மூன்று: 8-இன் அடுக்கு −2/3. விடைகள் முறையே 11, 11/12, 1/4. முதல் இரண்டில் தப்பு வந்தால் எட்டாம் வகுப்புப் புத்தகம், மூன்றாவதில் வந்தால் ஒன்பதாம் வகுப்புப் புத்தகம். பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இன்றைக்கு ராத்திரி முதல் பயிற்சி மட்டும் போதும்.